பந்திக்கு வராதவர்கள்

திருக்குறளின் இல்லறவியலில் அதிகாரங்கள் அமைந்திருக்கும் வரிசை எண்ணிப் பார்க்கத்தக்கது. முதலில் இல்வாழ்க்கை, அதனை அடுத்து வாழ்க்கைத் துணைநலம், பின்னர் மக்கட்பேறு, அதன் பின்னர் அன்புடைமை. இந்த நான்கையும் சொல்லி முடித்த பிறகே, நூலின் ஒன்பதாம் அதிகாரமாக விருந்தோம்பலை வைக்கிறார் வள்ளுவர். வீட்டில் இருப்போரிடம் கொள்ள வேண்டிய அன்பைப் பேசிய பிறகுதான் வெளியிலிருந்து வருவோரைப் பற்றிப் பேச்சு எழுகிறது. இந்த வரிசையை மாற்றி வைத்தால் விருந்து என்னவாகும் என்பதற்கு நம் நாட்டின் அண்மைக்கால வரலாற்றிலேயே சான்றுகள் உள்ளன. பன்னாட்டு விளையாட்டு விழாக்களை நாம் நடத்திய வரலாறு அவற்றுள் ஒன்று.

விருந்தோம்பும் பணி எத்தகையது என்பதை வேங்கிக்கால்வாசிகளுக்கு யாரும் சொல்லித் தரவேண்டியதில்லை. கார்த்திகைத் தீபத்தன்று பல லட்சம் மக்கள் அண்ணாமலையை வலம் வருகிறார்கள். வேலூர்ச் சாலையில் நகரின் நுழைவாயிலாக இருக்கும் நம் ஊர் வழியாகவே அவர்களில் பெரும்பகுதியினர் வருகின்றனர். முன்னேற்பாட்டுக் கூட்டங்களும் இங்குள்ள மாவட்ட ஆட்சியர் அலுவலகத்திலேயே நடைபெறுகின்றன. மலையுச்சியில் ஏற்றப்படும் சுடரைக் காண எல்லோரும் அண்ணாந்து நிற்கிறார்கள். மறுநாள் காலையில் பதினான்கு கிலோமீட்டர்க் கிரிவலப் பாதையைப் பெருக்கி அள்ளும் தூய்மைப் பணியாளர்களைக் காண யாரும் நிற்பதில்லை. விழாவின் வரலாற்றை எழுதுவோரும் சுடரோடு நின்றுவிடுகிறார்கள். இக்கட்டுரை அந்த மறுநாள் காலையிலிருந்து தொடங்க முயல்கிறது.

1. தில்லி கண்ட முதல் விருந்து

ஆசிய நாடுகளின் முதல் விளையாட்டு விழா 1951 மார்ச் 4 முதல் 11 வரை புதுதில்லியில் நடந்தது. விடுதலை பெற்று நான்கு ஆண்டுகள்கூட நிறையாத நாடு. பிரிவினையின் காயம் ஆறவில்லை. அகதிகள் முகாம்கள் முற்றிலும் கலைந்திருக்கவில்லை. 1950இல் நடக்கவேண்டிய விழா ஓராண்டு தள்ளிப்போயிற்று. இவ்விழாவைக் கருவிலேயே உருவாக்கிய குரு தத் சோந்தியின் முயற்சியும், பிரதமர் நேரு தந்த ஊக்கமும் இல்லாதிருந்தால் அது நடந்தேயிராது.

பதினொரு நாடுகள் கலந்துகொண்டன. 1948 இலண்டன் ஒலிம்பிக்கிற்கு அழைக்கப்படாத ஜப்பானைத் தில்லி வரவேற்றது. போரில் தோற்று உலகத்தாரால் ஒதுக்கப்பட்ட ஒரு நாட்டுக்கு மீண்டும் பந்தியில் இலை போட்ட பெருமை அதனால் இந்தியாவுக்கு உண்டு. அவ்விழாவில் ஜப்பானே முதலிடம் பெற்றது. இந்தியா இரண்டாம் இடம். ஆனால் அண்டை வீடான பாகிஸ்தான் வரவில்லை. விருந்துக்கு யார் வந்தார், யார் வரவில்லை என்பது அரசியலாகும் வழக்கம் முதல் விழாவிலேயே தொடங்கிவிட்டது.

இவ்வளவு இருந்தும் 1951ஆம் ஆண்டு விழா எளிய விழா. இருந்த அரங்கையே செப்பனிட்டு நடத்தினார்கள். நகரையே தோண்டிப் புதிதாகக் கட்டி விருந்தினருக்குக் காட்டவேண்டும் என்னும் எண்ணம் பின்னால் வந்தது.

2. ஒன்பது ரூபாய் இருபத்தைந்து காசு

ஒன்பதாம் ஆசிய விளையாட்டு விழா 1982 நவம்பர் 19 முதல் டிசம்பர் 4 வரை மீண்டும் தில்லியில் நடந்தது. 'அப்பு' என்னும் யானைக்குட்டியை நம்மில் பலர் இன்றும் மறந்திருக்கமாட்டோம். அவ்வாண்டில்தான் இந்தியத் தொலைக்காட்சிக்கு வண்ணம் வந்தது. கறுப்பு வெள்ளையில் பார்த்துப் பழகிய கண்கள் பி.டி. உஷா இரண்டு வெள்ளிப் பதக்கங்கள் வென்றதையும், எம்.டி. வல்சம்மா தடை ஓட்டத்தில் தங்கம் வென்றதையும், ஹாக்கி இறுதிப் போட்டியில் பாகிஸ்தானிடம் 7–1 என நாம் தோற்றதையும் கண்டன.

1980 ஜனவரியில் இந்திரா காந்தி மீண்டும் ஆட்சிக்கு வந்த பின்னரே பணிகள் வேகம் பிடித்தன. ஏறத்தாழ இரண்டே ஆண்டுகளில் ஜவஹர்லால் நேரு விளையாட்டரங்கம், இந்திரா காந்தி உள்ளரங்கம், நீச்சல் குளம், வீரர்கள் தங்கும் ஆசிய விளையாட்டுக் கிராமம், மேம்பாலங்கள், உணவு விடுதிகள் அனைத்தும் எழவேண்டியிருந்தன. இவற்றைக் கட்டியவர்கள் ராஜஸ்தான், உத்தரப்பிரதேசம், ஒரிசா முதலிய மாநிலங்களின் சிற்றூர்களிலிருந்து அழைத்து வரப்பட்ட கூலித் தொழிலாளர்கள். அழைத்து வந்தவர்களுக்கு அங்கே 'ஜமாதார்' என்று பெயர். நம் பக்கத்து வழக்கில் சொன்னால் மேஸ்திரி.

சட்டப்படி ஒரு தொழிலாளிக்குரிய குறைந்தபட்ச நாட்கூலி 9 ரூபாய் 25 காசு. ஒப்பந்ததாரர் அதனை ஜமாதாரிடம் கொடுத்தார். ஜமாதார் தம் தரகாக ஒரு ரூபாயைப் பிடித்துக்கொண்டு 8 ரூபாய் 25 காசைத் தொழிலாளியிடம் கொடுத்தார். பெண்களுக்கு 7 ரூபாய்தான் கிடைத்தது. மிச்சம் இரண்டேகால் ரூபாய், ஏறக்குறைய கூலியில் நான்கில் ஒரு பங்கு, வழியிலேயே கரைந்தது. பதினான்கு வயது நிரம்பாத சிறுவர்களும் வேலை செய்தார்கள். குடியிருப்பும் மருத்துவ வசதியும் சட்டம் சொன்னபடி இல்லை.

செங்கம், போளூர், ஜவ்வாது மலைப் பகுதிகளிலிருந்து பெங்களூருக்கும் சென்னைக்கும் கட்டட வேலைக்குப் போய்வரும் குடும்பங்களை அறிந்த நமக்கு இந்தக் கணக்கு புதிதன்று. முன்பணம் வாங்கிய கையெழுத்து, மேஸ்திரியின் பற்றுச்சீட்டு, கொத்தனாருக்கு ஒரு கூலி, சாந்துச் சட்டி சுமக்கும் சித்தாளுக்கு அதில் பாதி என்னும் நடைமுறை இவையெல்லாம் நம் வீதிகளிலும் காணக்கிடப்பவை. தில்லியில் நடந்ததில் புதியது ஒன்றுதான்: அங்கே வேலை கொடுத்தது அரசு. உலகத்தார் முன் நாட்டின் மானத்தைக் காட்டுவதற்காக எழுந்த கட்டடங்கள் அவை.

3. ஒரு கடிதமும் ஒரு தீர்ப்பும்

மக்கள் ஜனநாயக உரிமைகளுக்கான சங்கம் என்னும் தில்லி அமைப்பு, இக்கட்டுமானத் தளங்களின் நிலையை ஆராயச் சமூக அறிவியலாளர் மூவரைக் கேட்டுக்கொண்டது. அவர்கள் தளங்களுக்குச் சென்று தொழிலாளரிடம் பேசி அறிக்கை தந்தனர். அதனை இணைத்து 1981 நவம்பரில் உச்ச நீதிமன்ற நீதிபதி பி.என். பகவதிக்கு அச்சங்கம் ஒரு கடிதம் எழுதிற்று. நீதிமன்றம் அந்தக் கடிதத்தையே மனுவாக ஏற்றது. வழக்கு நடந்துகொண்டிருந்தபோதே தளங்களைப் பார்வையிட மூவரை நியமித்தது.

அரசுத் தரப்பு மூன்று தடைகளைச் சொல்லிற்று. பாதிக்கப்பட்ட தொழிலாளர் வழக்குத் தொடுக்கவில்லை. இந்தச் சங்கத்துக்கு இதில் என்ன உரிமை என்பது ஒன்று. தொழிலாளரை அமர்த்தியவர்கள் ஒப்பந்ததாரர்கள். அரசு பொறுப்பாகாது என்பது இரண்டு. கூலிச் சட்டம் மீறப்பட்டாலும் அது அடிப்படை உரிமை மீறலாகாது, எனவே நேரடியாக உச்ச நீதிமன்றத்துக்கு வரமுடியாது என்பது மூன்று.

1982 செப்டம்பர் 18இல், விழாவுக்கு இரண்டு மாதங்களே இருந்தபோது, நீதிபதிகள் பகவதியும் பஹருல் இஸ்லாமும் தீர்ப்பு வழங்கினர். மூன்று தடைகளும் தள்ளப்பட்டன. வறுமையாலும் அறியாமையாலும் நீதிமன்றப் படியேற முடியாதவர்களுக்காகப் பொதுநல நோக்குடைய எவரும் வரலாம் என்றது தீர்ப்பு. ஒப்பந்ததாரர் வழியே வேலை நடந்தாலும் சட்டம் நடைமுறையாகிறதா என்று பார்க்கும் கடமை அரசுக்கு உண்டு என்றது.

மூன்றாம் தடைக்குத் தந்த மறுமொழிதான் இத்தீர்ப்பின் உயிர். அரசமைப்புச் சட்டத்தின் 23ஆம் பிரிவு கட்டாய உழைப்பைத் தடை செய்கிறது. கட்டாயம் என்றால் சாட்டையும் சங்கிலியும் மட்டும்தானா? பசியும் ஒரு கட்டாயம் என்றது நீதிமன்றம். வேறு வழியே இல்லாத மனிதன் எவ்வளவு குறைந்த கூலிக்கும் இணங்குவான். அந்த இணக்கத்தை விருப்பம் என்று கொள்ளலாகாது. சட்டம் வகுத்த குறைந்தபட்சக் கூலிக்கும் கீழே ஒருவரிடம் வேலை வாங்கினால் அது கட்டாய உழைப்பே. எனவே ஜமாதார் பிடித்துக்கொண்ட ஒரு ரூபாய், அரசமைப்பு தந்த உரிமையைப் பிடித்துக்கொண்டதாகும். கட்டட வேலை ஆபத்தான வேலை என்றும், 24ஆம் பிரிவின்படிப் பதினான்கு வயதுக்குட்பட்ட சிறுவரை அதில் அமர்த்தக்கூடாது என்றும் தீர்ப்பு சொல்லிற்று. கூலியை இடையாள் வழியே கொடாமல் தொழிலாளியின் கையில் நேரே கொடுக்கவேண்டும் என்றும் வலியுறுத்திற்று.

பிற மாநிலத்திலிருந்து அழைத்து வரப்படும் தொழிலாளரைக் காக்க 1979இலேயே நாடாளுமன்றம் ஒரு சட்டம் இயற்றியிருந்தது. அதற்கான விதிகள் 1982 ஜூன் மாதத்தில்தான் நடைமுறைக்கு வந்தன. அதற்குள் அரங்குகளின் பெரும்பகுதி எழுந்துவிட்டது. கட்டடம் முடியும் தறுவாயில் சட்டம் வந்து சேர்ந்த இந்தக் காலமுறை தற்செயலாகத் தோன்றவில்லை.

1982ஆம் ஆண்டு விழா நாட்டுக்கு விட்டுச்சென்றவற்றுள் நிலைத்தது எது என்று கேட்டால், அரங்குகளைக் காட்டுவோர் உண்டு. அந்த அரங்குகளையும் 2010இல் மீண்டும் இடித்துச் செப்பனிட வேண்டியிருந்தது. உயர்த்திச் சொல்லத்தக்கது இத்தீர்ப்புத்தான். சட்டக் கல்லூரிகளில் இன்றும் அது பாடமாக உள்ளது. உழைப்பவர் பசியைக் கட்டாயம் என்று நாட்டின் உச்ச நீதிமன்றம் ஏற்றுக்கொண்டதற்கு ஒரு விளையாட்டு விழா காரணமாயிற்று என்பதை நம் எழுத்துலகம் போதுமான அளவு பேசவில்லை.

4. வாசலில் நடந்த சோதனை

அதே விழாவுக்கு இன்னொரு கதையும் உண்டு. 1982 ஆகஸ்டில் அகாலி தளம் பஞ்சாபில் போராட்டத்தைத் தொடங்கியிருந்தது. உலகத்தார் கூடும் வேளையில் தில்லியில் ஆர்ப்பாட்டம் செய்யப்போவதாகவும் அறிவித்தது. பஞ்சாபிலிருந்து தில்லிக்கு வரும் சாலை அரியானா வழியே வருகிறது. பஜன்லால் முதலமைச்சராக இருந்த அம்மாநிலத்தில் காவலர்கள் வண்டிகளை நிறுத்தித் தலைப்பாகை அணிந்தவர்களை இறக்கிச் சோதனையிட்டனர்; பலரைத் திருப்பி அனுப்பினர். ஆர்ப்பாட்டத்துக்குத் தொடர்பே இல்லாத வணிகர்களும், நாட்டுக்காகப் போர் புரிந்து ஓய்வுபெற்ற படை அதிகாரிகளும் இந்த அவமதிப்புக்கு உள்ளாயினர்.

நவம்பர் 19ஆம் நாள் விழாவைத் தொடங்கி வைத்த குடியரசுத் தலைவர் ஜெயில் சிங் ஒரு சீக்கியர். அவர் அரங்கில் நின்று முப்பத்துமூன்று நாடுகளின் அணிவகுப்பை வரவேற்ற நாள்களில், அவருடைய சமயத்தவர் சாலையில் நிறுத்தப்பட்டுக்கொண்டிருந்தனர். அடுத்த இரண்டாண்டுகளில் பஞ்சாபிலும் தில்லியிலும் நடந்தவற்றை நாடறியும். அத்துயரங்களுக்கெல்லாம் இச்சோதனைகளே காரணம் என்று சொல்வது மிகையாகும். ஆயினும் அந்நாள்களின் புண் பஞ்சாபில் நெடுங்காலம் ஆறவில்லை என்பதை வரலாற்றாசிரியர்கள் பதிவு செய்துள்ளனர். விருந்தினர் முகம் சுளிக்கக்கூடாது என்பதற்காக வீட்டுப் பிள்ளையை வாசலில் நிறுத்திச் சட்டைப் பையைத் துழாவியது போன்றது அது.

5. சென்னை நடத்தியதும் மறுத்ததும்

இனித் தமிழ்நாட்டுக்கு வருவோம். ஏழாம் தெற்காசியக் கூட்டமைப்பு விளையாட்டு விழா 1995 டிசம்பர் 18 முதல் 27 வரை சென்னையில் நடந்தது. ஒரு காலத்தில் கார்ப்பரேஷன் ஸ்டேடியம் என்று வழங்கியதும், 1956இல் வினூ மன்கட்டும் பங்கஜ் ராயும் முதல் விக்கெட்டுக்கு 413 ஓட்டங்கள் குவித்ததுமான பழைய அரங்கம் இடிக்கப்பட்டு, அந்த இடத்தில் 1993இல் புதிய நேரு விளையாட்டரங்கம் எழுந்திருந்தது. வேளச்சேரி நீச்சல் அரங்கம் இவ்விழாவை ஒட்டியே உருவானது.

தில்லித் தீர்ப்பு வெளிவந்த அதே 1982ஆம் ஆண்டில் தமிழ்நாடு உடலுழைப்புத் தொழிலாளர் சட்டம் இயற்றப்பட்டது. கட்டடத் தொழிலாளர் சங்கங்கள் பல ஆண்டுகள் போராடியதன் பயனாக அச்சட்டத்தின்கீழ்க் கட்டுமானத் தொழிலாளர் நல வாரியம் 1994இல் அமைந்தது. இந்திய அரசு கட்டடத் தொழிலாளருக்கென்று தனிச் சட்டம் இயற்றியது 1996இல்தான். சித்தாளையும் பதிவேட்டில் பெயருள்ள ஒரு தொழிலாளியாகக் கொண்டதில் தமிழ்நாடு முந்திக்கொண்டது என்று நாம் மகிழலாம். பதிவேட்டுக்கும் வாழ்வுக்கும் இடையிலுள்ள தொலைவை அளந்த பிறகே அம்மகிழ்ச்சியை முழுமையாக்க முடியும்.

1995ஆம் ஆண்டு விழாவின்மேல் வேறொரு நிழலும் விழுந்திருந்தது. அவ்வாண்டு அக்டோபர் 30ஆம் நாள் யாழ்ப்பாணத்து மக்கள் லட்சக்கணக்கில் வீடு வாசல் துறந்து, கொட்டும் மழையில் தென்மராட்சி நோக்கி நடந்தார்கள். டிசம்பர் 5ஆம் நாள் இலங்கைப் படை யாழ்ப்பாண நகரில் கொடியேற்றியது. அதற்குப் பதின்மூன்றாம் நாள் சென்னையில் தொடங்கிய விழாவில் இலங்கை அணியும் கலந்துகொண்டது. பாக் நீரிணையின் இரு கரைகளிலும் ஒரே மாதத்தில் நடந்த இவ்விரண்டையும் சேர்த்து எண்ணும்போது தமிழ் மனம் அமைதி கொள்வதில்லை.

பதினெட்டு ஆண்டுகள் கழித்துத் தமிழ்நாடு வேறு முடிவை எடுத்தது. 2013ஆம் ஆண்டின் ஆசியத் தடகளப் போட்டி சென்னையில் நடப்பதாக இருந்தது. போரின் இறுதி நாள்களில் கொல்லப்பட்ட பன்னிரண்டு வயதுச் சிறுவன் பாலச்சந்திரனின் படங்கள் உலகை உலுக்கிய அந்தப் பிப்ரவரி மாதத்தில், இலங்கை பங்கேற்கும் போட்டியைத் தமிழ்நாடு நடத்தாது என்று முதலமைச்சர் ஜெயலலிதா அறிவித்தார். போட்டி புணேவுக்கு மாறி ஜூலையில் நடந்தது.

இம்முடிவைப் பற்றி அன்றும் இருவேறு கருத்துகள் இருந்தன. ஓடுவோரும் தாண்டுவோரும் தம் அரசின் செயலுக்குப் பொறுப்பாளிகளா என்று கேட்டோர் உண்டு; சொந்த மண்ணில், தம் மக்கள் முன்னிலையில் ஓடும் வாய்ப்பைத் தமிழ்நாட்டு வீரர் இழந்ததும் உண்மை. சாவு வீட்டில் கொட்டு மேளம் எப்படி முழங்கும் என்று கேட்டோரும் உண்டு. இரண்டு கேள்விகளும் நேர்மையானவை. இக்கட்டுரையாளன் இரண்டாம் பக்கமே சாய்கிறான். நடத்த மறுப்பதும் விருந்தோம்பும் உரிமையின் ஒரு பகுதியே. வீட்டாரின் துயரத்தைக் கணக்கில் கொண்டு எடுத்த முடிவு அது. அதற்குரிய விலையை விளையாட்டு வீரர்கள்மேல் மட்டும் சுமத்தியது அதன் குறை.

6. இருபத்தெட்டு ஆண்டுகளுக்குப் பின்னும்

2010 அக்டோபர் 3 முதல் 14 வரை தில்லியில் நடந்த காமன்வெல்த் விளையாட்டு விழாவின் ஊழல் கதைகளை நாளிதழ்கள் விரிவாகவே எழுதின. இந்தியத் தணிக்கைத் துறையின் 2011ஆம் ஆண்டு அறிக்கை, 2003இல் 1,200 கோடி ரூபாய் என மதிப்பிடப்பட்ட செலவு 18,532 கோடியாக வளர்ந்ததைக் காட்டிற்று. செப்டம்பர் 21ஆம் நாள் நேரு அரங்கின் அருகே கட்டப்பட்டுக்கொண்டிருந்த நடைமேம்பாலம் சரிந்து இருபதுக்கும் மேற்பட்டோர் காயமடைந்தனர். வெளிநாட்டு அணிகள் வருமோ வராவோ என்ற கவலையே அன்றைய தலைப்புச் செய்தியாயிற்று. காயமடைந்தவர்கள் தொழிலாளர்கள்.

ஊழலைவிட நம்மை அதிகம் வருத்தவேண்டியது வேறு. பட்டியல் இனத்து மக்களின் முன்னேற்றத்துக்கென ஒதுக்கிய துணைத் திட்ட நிதியிலிருந்து 600 கோடி ரூபாய்க்கும் அதிகமான தொகை இவ்விழாப் பணிகளுக்குத் திருப்பிவிடப்பட்டது. 2010 ஆகஸ்டில் மாநிலங்களவையில் உள்துறை அமைச்சர் ப. சிதம்பரமே இதனை ஒப்புக்கொண்டார். பிள்ளைகளின் பள்ளிக் கட்டணத்துக்கென்று முடிந்து வைத்த பணத்தை எடுத்து வாசலுக்குத் தோரணம் வாங்கிய செயலுக்கு நிகர் இது.

1982 தீர்ப்பைப் பெற்ற அதே மக்கள் ஜனநாயக உரிமைகளுக்கான சங்கம் 2010லும் வேறு அமைப்புகளோடு சேர்ந்து தில்லி உயர் நீதிமன்றத்தின் படியேறியது. குறைகூலி, கொட்டகைகளின் நிலை, நல வாரியப் பதிவின்மை ஆகியவையே மீண்டும் முறையீடுகள். நீதிமன்றம் அமைத்த குழு தளங்களைப் பார்வையிட்டு, முறையீட்டில் உண்மை உண்டு என்றே அறிக்கை தந்தது. இருபத்தெட்டு ஆண்டுகளில் கூலியின் எண்கள் மாறியிருந்தன. ஜமாதாரின் கை மாறவில்லை.

7. பூஞ்சேரியில் இரண்டு பந்திகள்

2022 பிப்ரவரியில் ரஷ்யா உக்ரைன்மேல் படையெடுத்ததும், அங்கு நடக்கவிருந்த 44ஆம் சதுரங்க ஒலிம்பியாடை உலகச் சதுரங்கக் கூட்டமைப்பு திரும்பப் பெற்றது. மார்ச் 15ஆம் நாள் அது சென்னைக்கு வழங்கப்பட்டது. தமிழ்நாடு அரசு 90 கோடி ரூபாய்க்கும் மேல் ஒதுக்கி, நான்கே மாதங்களில் ஏற்பாடுகளை முடித்தது. ஜூலை 28இல் தொடக்க விழா; மறுநாள் முதல் மாமல்லபுரத்தை அடுத்த பூஞ்சேரியில் போட்டிகள். பொதுப் பிரிவில் 188 அணிகளும் மகளிர் பிரிவில் 162 அணிகளும் ஆடின. வேட்டி கட்டிய 'தம்பி' என்னும் குதிரை ஊரெங்கும் கைகூப்பி நின்றது. நேப்பியர் பாலம் சதுரங்கக் கட்டமாயிற்று. இருந்த விடுதியிலும் அதனையொட்டிய கூடத்திலும் நடத்தினார்கள். 1951ஆம் ஆண்டின் எளிமைக்கு ஓரளவு திரும்பியதாக இதனைக் கொள்ளலாம்.

சர்ச்சைகள் இங்கும் இருந்தன. ஒலிம்பியாட் சுடர் காஷ்மீர் வழியாகச் சென்றது என்று காரணம் காட்டி, சென்னைக்கே வந்துவிட்ட பாகிஸ்தான் அணி ஆடாமல் திரும்பிப் போயிற்று. விளம்பரங்களில் பிரதமர் படம் இல்லை என்று வழக்கு எழுந்தது. குடியரசுத் தலைவர் தேர்தல் முடியாதிருந்தது, பிரதமர் வருகை தாமதமாக உறுதியானது என அரசு கூறிய விளக்கங்களை உயர் நீதிமன்றம் ஏற்கவில்லை. இருவர் படங்களும் இடம்பெற வேண்டும் என்று தொடக்க நாளன்றே ஆணையிட்டது. விளம்பரப் பலகைகளில் படம் ஒட்டுவோரும் அதனை மறைப்போருமாக இரவுகள் கழிந்தன. விருந்து வைத்தவர் யார் என்பதில் வீட்டுக்குள்ளேயே வழக்கு நடந்தது என்று சொல்லலாம்.

ஆயினும் அவ்விழா நல்ல நினைவுகளையே அதிகம் தந்தது. போரில் எரிந்துகொண்டிருந்த நாட்டிலிருந்து வந்த உக்ரைன் பெண்கள் மகளிர் பிரிவில் தங்கம் வென்றனர். பொதுப் பிரிவில் இளைஞர் நிறைந்த உஸ்பெகிஸ்தான் அணி வென்றது. நம் பதினாறு வயது குகேஷ் முதல் எட்டு ஆட்டங்களையும் வென்று முதற்பலகைக்கான தங்கத்தைப் பெற்றார்.

அதே பூஞ்சேரிக்கு இன்னொரு வரலாறும் உண்டு. ஒலிம்பியாடுக்கு ஒன்பது மாதங்களுக்கு முன், 2021 அக்டோபரில், மாமல்லபுரம் பெருமாள் கோயில் அன்னதானப் பந்தியில் அமரச் சென்ற நரிக்குறவப் பெண்ணொருவர் எழுப்பி அனுப்பப்பட்டார். கைக்குழந்தையோடு அவர் நின்று நியாயம் கேட்ட காட்சியை நாடே பார்த்தது. பின்னர் அறநிலையத்துறை அமைச்சர் பி.கே. சேகர்பாபு அதே கோயிலில் அப்பெண்ணோடு அமர்ந்து உண்டார். நவம்பர் 4ஆம் நாள், தீபாவளியன்று, முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் பூஞ்சேரிக்கே சென்று நரிக்குறவர், இருளர் குடும்பங்களுக்கு மனைப்பட்டாக்களையும் சான்றிதழ்களையும் வழங்கினார்.

நூற்றெண்பதுக்கும் மேற்பட்ட நாடுகளுக்குப் பூஞ்சேரி விருந்து வைத்ததையும், பூஞ்சேரிப் பெண் ஒருவர் பக்கத்து ஊர்ப் பந்தியிலிருந்து எழுப்பப்பட்டதையும் ஒரே பக்கத்தில் எழுதுவதே முறையான வரலாறு. அங்கே ஒரு நல்ல செய்தியும் உள்ளது: தவறு உலகின் கண்ணுக்கு வந்தது, கேட்க ஒரு குரல் இருந்தது, ஆட்சி செவிசாய்த்தது. உலக விருந்துக்கு முன்பாக வீட்டு விருந்தில் ஓர் இலை போடப்பட்டது. வள்ளுவர் வகுத்த வரிசையும் அதுவே.

8. வரவிருக்கும் விழா

2030ஆம் ஆண்டின் காமன்வெல்த் விளையாட்டு விழா அகமதாபாத்துக்கு வழங்கப்பட்டதாக 2025 நவம்பர் 26இல் அறிவிப்பு வந்தது. 2036 ஒலிம்பிக்கையும் நடத்த இந்தியா விரும்புகிறது. இவ்விருப்பத்தில் குற்றமில்லை. விளையாட்டு விழாக்கள் வேண்டாம் என்பதும் இக்கட்டுரையின் கருத்தன்று. ஓர் ஏழை நாட்டுச் சிறுமி தன் ஊர் அரங்கில் உலகத்தார் முன் ஓடுவதைக் காணும் மகிழ்ச்சி பெரியது; அதனைச் செலவுக் கணக்கால் மட்டும் அளக்க முடியாது.

ஆனால் செலவுக் கணக்கோடு கூலிக் கணக்கையும் சேர்த்துக் கேட்கும் பழக்கம் நமக்கு வரவேண்டும். அரங்கம் எழும் இடத்தில் முன்பு யார் குடியிருந்தார், அவர்கள் எங்கே போனார்கள்? அந்தப் பணம் வேறு யாருக்கென்று வைத்தது? கட்டுபவர் கைக்குக் கூலி முழுதாகப் போய்ச் சேர்கிறதா? விழா நாளில் எந்தச் சமூகத்தார் சாலையில் நிறுத்தப்படுகிறார்கள்? 1982 முதல் நடந்த ஒவ்வொரு விழாவிலும் இக்கேள்விகள் எழுந்துள்ளன. கட்டடம் எழும்போதே கேட்கப்பட்டவற்றுக்கு ஓரளவேனும் விடை கிடைத்தது. தில்லித் தொழிலாளருக்குத் தீர்ப்பு விழாவுக்கு முன் வந்ததற்குக் காரணம், கடிதம் ஓராண்டுக்கு முன்பே எழுதப்பட்டதுதான்.

நம் வட்டம் பத்தாண்டு நிறைவைக் கொண்டாடுகிறது. இதில் உள்ளோர் பெரும்பாலும் கவிஞர்கள். பெருவிழா எங்கு நடந்தாலும் வரவேற்புப் பாடல் கேட்டுக் கவிஞர்களிடம்தான் ஆள் வருவார்கள். பாடலாம், பாடவும் வேண்டும். பாடும்போது, 9 ரூபாய் 25 காசு என்று சட்டம் எழுதிவைத்த நாளில் 7 ரூபாயை வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டு, தான் கட்டிய அரங்கத்தின் வாயிலைக் கடந்து கொட்டகைக்கு நடந்த அந்தச் சித்தாளுக்கும் பாட்டில் ஓர் அடி ஒதுக்கவேண்டும். அவள் கட்டிய படிக்கட்டுகளில்தான் விருந்தினர் அமர்ந்தார்கள்.